ஒரு நூல் கனம்

மெஷினை வாடகைக்குத் தரும் அந்துவான்
முத்தியால்பேட்டையிலிருந்து வண்டியில் கட்டி வந்து இறக்கியதும்
மண்டியிட்டுப் பலகை இடுக்கில் நகத்தை விட்டுப் பார்த்தான்.
"பர்மா தேக்கு. ஏற்கெனவே ரெண்டு தடவ இழைச்சிருக்காங்க.
இன்னொரு தடவ தாங்கும். அதுக்கு மேல
ஆணி தலைய நீட்டிடும்."
மனிதர்களைப் பற்றியும் இப்படி
நகம் விட்டுச் சொல்ல ஓர் ஆள் இருந்தால் தேவலை.

அம்பலத்தடையார் மடத்து வீதியில் மாடி வீடு.
நாங்கள் வாங்கும் முன் யாரோ
தேக்கின் மேல் செங்கல் சிவப்பில் பெயிண்ட் அடித்திருந்தார்கள்,
சிமெண்டுத் தரை மாதிரித் தெரியட்டும் என்று.
நாற்பதாம் நம்பர் உப்புத்தாள்
அதை இரண்டு நாள் தின்றது.
உப்புத்தாள். யார் வைத்த பெயரோ.
இரவில் உதட்டை நக்கினால் கரித்தது.
தாளா, வியர்வையா,
கிழக்கே சில தெரு தள்ளிக் கிடக்கும் கடலா,
கண்டுபிடிக்க எனக்குத் தெம்பில்லை.

கீழே ஜெராக்ஸ் கடை.
இடுக்கு வழியே மாவாய்த் தூசி இறங்கி
ருக்மாங்கதனின் மெஷின் கண்ணாடியில் படிந்து
யாருடைய சாதிச் சான்றிதழிலோ
மேகம் விழுந்ததாம்.
இரண்டு முறை ஏறி வந்து கத்தினார்.
மூன்றாம் முறை வாசலில் நின்று
மூக்கை உறிஞ்சி,
"வாசன நல்லாத்தாம்மா இருக்கு" என்று இறங்கிப் போனார்.

தனசீலனும் நானும் அந்த வாரம் முழுக்க
பேச்சுக்குப் பதில் மெஷின் சத்தத்தை வைத்துக்கொண்டோம்.
"எண்பதாம் நம்பர்."
"இந்தா."
"ஒயர்."
"ம்."

சன்னலோரம் ஒரு சூட்டுத் தழும்பு,
பெயிண்டைத் தாண்டி மரம்வரை இறங்கியது,
இஸ்திரிப் பெட்டி வடிவம்.
தேய்க்கத் தேய்க்க வெளுத்தது, போகவில்லை.
இன்னும் ஒரு நூல் கனம் இறங்கினால் போகும்.
அந்துவான் சொன்ன ஆணிகள் அங்கேதான் காத்திருந்தன.

சனிக்கிழமை சாயங்காலம் முதல் பூச்சு.
கதவோரம் தொடங்கிக் குந்தியபடி
பின்னால் நகர்ந்து நகர்ந்து
கடைசிப் பலகையைத் தீற்றி நிமிர்ந்தால்
நான் சன்னல் மேடையில்.
கதவு இருபதடி தூரத்தில்.
நடுவில் அறை முழுக்க ஈரம், பல்பு வெளிச்சத்தில்.
நாலு மணி நேரத்தில் காயும் என்று டப்பாவில் போட்டிருந்தது.
ஐப்பசிக் காற்றுக்கு டப்பா படிக்கத் தெரியாது.

தனசீலன் கதவருகே வந்தான், பார்த்தான்.
சிரிக்காமலிருக்க அவன் பட்ட பாடு
இருபதடிக்கும் தெரிந்தது.
"தெருப் பக்கம் குதிச்சிடட்டா?"
"கீழ ருக்மாங்கதன் போர்டு இருக்கு."
ஐந்து நாளில் எங்கள் நீளமான உரையாடல் அது.

கொசு வந்தது.
சுருள் ஒன்றைத் தட்டுப்போல வீசினான், கைக்கு வந்தது.
தீப்பெட்டியை வீசினான்.
அது பாதி வழியில் விழுந்து
ஒட்டிக்கொண்டது.

நெருப்பில்லாத சுருளை மடியில் வைத்து நானும்
வாசற்படியில் அவனும்.
இருவருக்கும் பார்க்க அந்தத் தீப்பெட்டிதான் இருந்தது.

"அண்ணன் கடனுக்கு ஜாமீன் போட்டத
சொல்லியிருக்கணும்" என்றான், அதனிடம்.
"எப்பச் சொல்றதுன்னு பாத்துட்டே இருந்தேன்.
அதுக்குள்ள பேங்க்லேந்து ஆள் வந்துட்டான்."

வார்னிஷைத் தொட்டுப் பார்த்தேன்.
ரேகை பதிந்தது.
"இந்தத் தழும்பு
முன்னாடி இருந்தவங்க வேலன்னு சொன்னேன்ல?
இல்ல. நான்தான். நீ காரைக்கால் டூட்டில இருந்தப்ப."

"தெரியும்" என்றான்.
"மூணு வருஷமா அதே எடத்துல
பாய் போட்டு வெச்சிருந்தியே."

எப்போது தூங்கினேன் தெரியாது.
விழித்தபோது சுவரோரம் கால் வைத்து வைத்து
அவன் பாதி தூரம் வந்திருந்தான்,
தீப்பெட்டிக்கு அல்ல,
கையில் டீ.

திங்களன்று இரண்டாம் பூச்சுக்கு முன்
பெட்டியைப் பிய்த்தோம்.
அடித்தாளில் பாதி தரையோடு நின்றுவிட்டது.
உப்புத்தாளை எடுத்தவன்
என்னைப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தான்.
மேலேயே அடித்தோம்.

தழும்பும் அங்கேதான் இருக்கிறது, பாயில்லாமல்.
கடனுக்கு
இன்னும் பதினோரு தவணை.